பிரிக்காத சீட்டு

ஜூன் 2, 2025, திங்கள்

வேடசந்தூரில் மில் பஸ் ஏறியதிலிருந்து திண்டுக்கல் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் மோகன்குமார் சிரித்துக்கொண்டே வந்தான். அவனை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

வருகிற பதினைந்தாம் தேதி நாங்கள் போனில் ஆடும் ‘ஏழு கோட்டை’ விளையாட்டில் புது சீசன் திறக்கிறார்கள். ஆடியது, ஜெயித்தது எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆளுக்கு ஒரே ஒரு கிளாஸ், அதாவது வேஷம். ஒருமுறை எடுத்துவிட்டால் ஆறு மாதத்துக்கு மாற்ற முடியாது. எங்கள் கூட்டணியில் நான்கு பேர். என் பெரியம்மா மகன் ராயப்பராஜ் அண்ணன், என்னோடு மில் டைம் ஆபீஸில் இருக்கும் மோகன்குமார், குஜிலியம்பாறையில் இருந்துகொண்டு ஆடும் அவன் தங்கை பொன்னழகு, அப்புறம் நான்.

இந்தத் தடவை எனக்குக் கோடாலிக்காரன் வேண்டும் என்று குரூப்பில் போட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அதற்கு ராயப்பராஜ் அண்ணன் அனுப்பிய பதில்: “ஏலே, நீ வெள்ளை அங்கி போட்டாத்தாண்டா லட்சணம். ஆசீர்வாதம் போட ஆளு வேணாமா?” அதற்கு மோகன்குமார் கும்பிடு போடும் பொம்மை. பொன்னழகும் ஒன்று.

மூன்று சீசனாக நான்தான் ஹீலர், அடிபட்டவனைக் குணமாக்குகிறவன். கணுக்கால் வரை வெள்ளை அங்கி, கையில் ஒரு கோல். கடைசியில் நின்றுகொண்டு, முன்னால் அடிவாங்குகிறவனுக்கு ரத்தம் குறையக் குறையப் பச்சை பட்டனை அமுக்க வேண்டும். ஜெயித்தால் அடித்தவனுக்குப் பேர். எவன் செத்தாலும் ஹீலர் தப்பு.

நான் பாதிரியாருக்குப் படிக்கக் குருமடத்தில் நாலரை வருடம் இருந்துவிட்டுச் சாமியாராகாமல் வந்தவன். அதனால்தான் இந்த அங்கி. வேறு ஒரு காரணமும் இல்லை. போனுக்குள்ளேயும் விட மாட்டேங்கிறாய்ங்க!

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் கேட்டேன். இன்றைக்கும் சிரித்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

பின் தெரு செபஸ்தியம்மாள் அத்தை வீட்டில் போன மாதம் தண்ணிக்குப் போர் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் அத்தை என்னை வந்து கூப்பிட்டது. “நாலு வருசம் வேதம் படிச்ச புள்ள, ஒன் கையால ஒரு செபம் பண்ணிட்டுப் போப்பா.” மாட்டேன் என்றேன். அம்மா பார்த்த பார்வையில் போனேன். எண்ணூறு அடி போட்டும் புழுதிதான் பறந்தது.

இன்று ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு அதே அத்தை இன்னொரு அம்மாவிடம் சொல்கிறது: “பாதியில எந்திரிச்சு வந்தவன் பண்ணுன செபம், தண்ணி எங்கிட்டு வரும்?” நான் பின்னால் நிற்பது தெரிந்தேதான் சொன்னது.

அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் போய் எடுத்து வந்தேன், அது வேறு அவமானம்.

யாருக்காவது தெரியுமா நான் ஏன் வந்தேன் என்று? பொம்பளைப் பிள்ளை விவகாரம் என்று ஒரு கதை. அடித்துத் துரத்திவிட்டார்கள் என்று ஒரு கதை. ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலைச் செபத்தில் முழங்கால் போட்டிருந்தபோது எனக்கு அங்கே சொல்வதற்கு எதுவுமே இல்லை என்று தெரிந்தது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அதிபர் சாமியாரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்கு இங்கே ஊரே இருந்தது.

ஆனால் ஒன்று. ஊர் சொல்வதைவிட எனக்குள்ளே குத்துவது வேறு. பிளஸ் டூ முடித்ததும் அம்மா அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் இரண்டு சீட்டு எழுதிப் போட்டது. ஒன்றில் குருமடம், ஒன்றில் இன்ஜினியரிங். என் கையால்தான் எடுத்தேன். குருமடம் என்று வந்தது. அவரே கூப்பிட்டார், போனேன், பிறகு ஓடி வந்துவிட்டேன். ஐந்து வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆலயத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் உட்காருகிறேன்.

எனக்கு ஒரு கோடாலி வேண்டும். முன்னால் நின்று நானாக ஒருத்தனை ஒரு போடு போட வேண்டும். இது பெரிய ஆசையா?

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து நான்கு பேரும் ராயப்பராஜ் அண்ணன் வீட்டில் கூடினோம். பொன்னழகுகூடப் பஸ் ஏறி வந்திருந்தது. நான் முடிவாகச் சொல்லிவிட்டேன், கோடாலி இல்லை என்றால் நான் கூட்டணியிலேயே இல்லை என்று. கத்தினேன். அண்ணன் பெண்டாட்டி ஐரின் மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது.

“சரிப்பா, சண்டை வேணாம். சீட்டுப் போட்ருவோம்” என்றான் அண்ணன். அவன் செல்போன் கடை பில் புத்தகத் தாள் ஒன்றை நாலாகக் கிழித்து எழுதி, மடித்து, சில்வர் டம்ளரில் குலுக்கி, அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் வைத்தான். “நீதான் குருமடத்துப் புள்ள. நீயே மொதல்ல எடு.”

எடுத்தேன். ஹீலர்.

மூன்று பேரும் கைதட்டினார்கள். “அந்தோணியாரே சொல்லிட்டாருடா, இதுக்கு மேல பேச்சு உண்டா?” என்று டம்ளரைத் தூக்கிச் சொரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டான். மிச்சம் மூன்று கிளாஸையும் அவர்கள் பேசிப் பங்கிட்டுக்கொள்வார்களாம்.

மதினி கோழிக்குழம்பு வைத்திருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்லச் சொன்னார்கள். சொல்லித் தொலைத்தேன்.

இரண்டாவது தடவை. அந்த மனுசனுக்கு என்மேல் என்னதான் கோபம்?

ஜூன் 10, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று மில்லுக்கு லீவு போட்டிருந்தேன். அம்மா கொடுத்த முறுக்கு டப்பாவைக் கொண்டு ராயப்பராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். மதினி ஆலயத்தில் நவநாள் செபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. “ஆல்வினு, கடை வரைக்கும் போயி மெழுகுவத்தி ஒரு பாக்கெட்டு, ஊதுவத்தி, அப்பறம் பொரி வாங்கிட்டு வாரியா? இரு, எழுதித் தாரேன்.” தாள் தேடியது, கிடைக்கவில்லை. சொரூபத்துக்குப் பின்னாலிருந்த டம்ளருக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்துப் பிரித்து, வெற்றுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தது.

தெருமுனை போய்த்தான் திருப்பிப் பார்த்தேன். ஹீலர்.

என் சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. அப்படியானால் இது யாருடையது?

திரும்பி ஓடினேன். டம்ளரைத் தரையில் கவிழ்த்தேன். மிச்சம் இரண்டு. ஹீலர். ஹீலர்.

மதினிக்கு விளையாட்டைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனால் இது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. “நாலுலயும் ஒன்னையே எழுதி... அந்தோணியார் முன்னாடி வச்சா?” முகம் சிவந்துபோனது. அங்கேயே நின்று போன் போட்டது. “யோவ், கடையச் சாத்திட்டு வாயா நீ மொதல்ல.” அண்ணன் வந்தான். மதினி வாசலிலேயே ஆரம்பித்தது: “களவாணித்தனம் பண்றதுக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? நடு வீட்டுல, சொரூபத்துக்கு முன்னாடி!” “சும்மா வெளாட்டுக்குத்தானே ஐரினு” என்று இழுத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. மதினி தடுக்கவில்லை.

கடைசியில் மதினி சொன்ன தீர்ப்பு: அந்த வெள்ளை அங்கியை ஆறு மாதம் இவரே மாட்டட்டும். மாட்டவில்லை என்றால் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடும்.

எனக்குக் கோடாலி கிடைத்துவிட்டது. மெழுகுவர்த்தி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

பஸ்ஸில் மோகன்குமார் பேச வந்தான். தங்கைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், தப்புதான் என்றான். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

அகரம் பக்கம் வரும்போது ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மிச்சச் சீட்டைப் பிரித்துக் காட்டு என்று நான் ஏன் கேட்கவில்லை? ஏனென்றால் அந்தோணியார் முன்னால் வைத்தது. அங்கே எவனும் ஏமாற்ற மாட்டான் என்று ஊறிப்போன புத்தி.

அப்புறம் இன்னொன்று. ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் நான் ஒரு சீட்டைத்தான் எடுத்தேன். இன்னொன்றை யாரும் பிரிக்கவில்லை. அம்மா அதைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனது. அது மட்டும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது.

சே. அம்மா செய்யாது.

ஜூன் 12, வியாழன்

அம்மாவிடம் கேட்கவில்லை. வாய் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். வருடாவருடம் இந்த நாளுக்கு முன்னால் அம்மா என் பழைய குருமடத்து அங்கியைப் பீரோவிலிருந்து எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டி வைக்கும். இன்று காலையிலும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

“அந்த இன்னொரு சீட்டுல என்னம்மா எழுதியிருந்த?”

“எந்தச் சீட்டு?” என்று கேட்ட வேகத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மா வாளியைக் கீழே வைத்தது. பிறகு சொன்னது: “ரெண்டும் ஒன்னுதாம்ப்பா.”

எனக்கு ஒரு வயதில் மூளைக் காய்ச்சல் வந்ததாம். டாக்டர் கைவிரித்துவிட்டாராம். பிழைத்தால் பிள்ளையை உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டதாம். “சீட்டுல இன்ஜினியரிங் வந்துட்டா நான் அவருக்கு என்ன சாமி பதில் சொல்லுவேன்? பயந்துட்டேன். நீ திரும்பி வந்த அன்னையிலருந்து நெதமும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு எதுவும் ஆயிருமோன்னு.”

நேந்தது நீ. போனது நான். ஓடி வந்த பேரு எனக்கு. அஞ்சு வருசம்! அஞ்சு வருசமா அந்தச் சொரூபத்தைப் பாக்க முடியாம, தலையக் குனிஞ்சுக்கிட்டு, அவரு கூப்பிட்டு நாந்தான் துரோகம் பண்ணிட்டேன்னு செத்துக்கிட்டிருந்தேனேம்மா. அவரு கூப்பிடவே இல்லையா? ஒன் கையெழுத்தா அது? நான் திரும்பி வந்து அழுதப்பக்கூடச் சொல்லணும்னு தோணலையா? இதையெல்லாம் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அம்மா அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. தேர் பார்க்க இரண்டு பேரும் போகவில்லை.

ஜூன் 14, சனி

அம்மாவோடு பேச்சு இல்லை. சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறது. சாப்பிடுகிறேன். கோபத்தில் பட்டினி கிடக்கும் ஆள் இல்லை நான்.

ஜூன் 15, ஞாயிறு

பதினோரு மணிக்குப் புது சீசன் திறந்தார்கள். கோடாலிக்காரனை எடுத்தேன். ‘உறுதியா? பிறகு மாற்ற முடியாது’ என்று போன் கேட்டது. இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. ஒரு விளையாட்டுக்குப் போய் அழுகிறேனே என்று அதற்கும் கோபம் வந்தது.

காலையில் ஆலயத்தில் அந்தோணியாரை நேராகப் பார்த்தேன். உம்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

அம்மாவோடு இன்னும் பேசவில்லை. நேர்ச்சை, பயம் எல்லாம் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடுமா? போகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மில்லில் கரண்ட் இல்லை என்று லீவு. மத்தியானம் அவரவர் வீட்டில் இருந்தபடியே விளையாட்டில் நான்கு பேரும் மூன்றாவது கோட்டையில் நின்றோம். நான்தான் முன்னால். நல்ல அடி விழுகிறது, என் ரத்தம் குறைகிறது, ராயப்பராஜ் அண்ணன் வெள்ளை அங்கியோடு எங்கேயோ சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான். “அண்ணே, பச்சை பட்டன் எங்கண்ணே? தூங்குறியா?” என்று கத்தினேன். “எதுடா பச்சை? எல்லாம் பச்சையாத்தான் இருக்கு” என்கிறான். செத்துப்போனேன். பொன்னழகு சிரித்த சிரிப்பில் காது அடைத்தது. மூன்று சீசனாக நான் வாங்கிய திட்டெல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போது வாசலில் செபஸ்தியம்மாள் அத்தை குரல். போர் வண்டி மறுபடி வந்திருக்கிறதாம், இந்தத் தடவை கிழக்கு மூலையில் போடுகிறார்களாம். “ஆல்வினக் கூப்பிடு, வந்து ஒரு செபம் பண்ணிட்டுப் போகட்டும். நான் அன்னைக்கு என்னமோ கோவத்துல பேசிட்டேன்.”

போனைக் கீழே வைத்தேன். எழுந்து நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன்.

அதற்குள் அம்மா சொல்லிவிட்டது. “அவன் சாமியார் இல்ல செபஸ்தி. அவன் மில்லுல டைம் ஆபீஸ்ல இருக்கான். இனிமே இதுக்கு அவனக் கூப்பிடாத. இரு, நான் வாரேன்.”

அம்மா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. போய்விட்டது.

சட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். அங்கி இல்லை. அந்த ஹேங்கரில் என் மில் சட்டை இரண்டும் இஸ்திரி போட்டுத் தொங்கின.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா காலெல்லாம் செம்புழுதியாக வந்தது. முற்றத்தில் நின்று கால் கழுவியது. நான் வாசற்படியில் நின்றேன்.

“தண்ணி வந்துச்சாம்மா?”

பதினோரு நாளில் நான் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

“இன்னும் ஓட்டிக்கிட்டிருக்காய்ங்க. வரலைன்னா என்னையத் திட்டிட்டுப் போகட்டும்” என்றது.