கிதார் நின்ற இடம்

மார்ச் 4, செவ்வாய்

வானொலி மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த மாதத்தோடு என் சனிக்கிழமை அரை மணி நேரம் போகிறது. வார இறுதியில் கேட்க ஒரு பழைய ப்ளூஸ் கிதார் ஆல்பத்தைச் சொல்லி, அதிலிருந்து நாலு பாட்டு போடுவேன். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இனி அந்த நேரத்தில் எடை குறைப்பது எப்படி என்று ஒருவர் பேசுவாராம்.

"யாரும்மா கேக்கறாங்க? இத்தன வருஷத்துல ஒரே ஒரு போன் வந்திருக்கா, சொல்லு."

வந்ததில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 5

அக்காவிடம் புலம்பினேன். "அழுமூஞ்சிப் பாட்டாப் போட்டா யாருக்குடி பிடிக்கும்? துள்ளலா ஏதாவது போடு" என்றாள். அவள் என் நிகழ்ச்சியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 7, வெள்ளி

நாளைக்கு எதைச் சொல்வது? ஊதுகுழல்களும் டிரம்ஸுமாக ஒரு ஆல்பம் இருக்கிறது. அதைப் போட்டால் வீடு கூட்டுகிறவர்கள்கூட ஆடுவார்கள். கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். நிகழ்ச்சியே போகப்போகிறது, இனி யாருக்குப் பயப்படுவது?

எனக்குப் பிடித்ததையே போடப்போகிறேன். ஒரு ஆள், ஒரு கிதார், அவர் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிடும் சத்தம்கூடக் கேட்கும். மூன்றாவது பாட்டின் நடுவில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஒன்றுமே கேட்காது. இனி வாசிக்க மாட்டாரோ என்று நினைக்கும்போது மறுபடி தொடுவார். அந்த இடத்துக்காகத்தான் அந்த ஆல்பம்.

மார்ச் 8, சனி

ஐயோ.

எங்கள் நிலையத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. நாலைந்து விநாடி சத்தமே இல்லாவிட்டால், ஏதோ பழுது என்று நினைத்து இயந்திரம் தானாக ஒரு விளம்பரத்தைப் போட்டுவிடும். எனக்கும் தெரியும், நாங்கள் மீசை என்று கூப்பிடும் ஒலிப்பதிவாளருக்கும் தெரியும். அணைத்துவைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எங்கே போச்சு புத்தி?

கிதார் நின்றது. "உங்கள் வீடு உறுதியாக நிற்க…" என்று சிமென்ட் விளம்பரம் முழங்கியது. மீசை பாய்ந்து நிறுத்துவதற்குள் கிதார் பாதி வழி போய்விட்டது. அந்தப் பதற்றத்தில் ஏற்பாட்டை அணைக்க அப்போதும் மறந்தோம். கடைசிப் பாட்டில் இன்னொரு இடைவெளி. அங்கேயும் சிமென்ட்!

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மாதம் முடியும்வரைகூட வைத்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

மேலாளர் வரச்சொன்னார். மானம் போனது போனதுதான், திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன்.

வரவேற்பில் இருக்கும் பெண், நேற்று மாலையிலிருந்து போனைக் கீழே வைக்க முடியவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அத்தனையும் வசவு. ஒரு பேருந்து ஓட்டுநர், வண்டியைப் பணிமனையில் நிறுத்திவிட்டு, காலி வண்டியில் உட்கார்ந்து வாராவாரம் கேட்பாராம். ஒரு நர்ஸ், நான் சொன்ன ஆல்பங்களை எல்லாம் தேடித் தேடி வாங்கி வைத்திருக்கிறாளாம். தையல்கடை அம்மா ஒருவர் கேட்டது: "அந்த மனுஷன் மூச்சு விடற நேரத்துலகூடவா சிமென்ட் விப்பீங்க?"

இத்தனை பேர்! எங்கே இருந்தார்கள் இவர்கள் எல்லாம்? பிடித்தபோது சும்மா இருந்தார்கள். கை வைத்ததும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், ஒரே ஒரு போன் கேட்டீங்களே" என்றேன். பதிலுக்கு நிற்கவில்லை. படியிறங்கும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 15, சனி

அதே ஆல்பம், முதலிலிருந்து. கேட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கினேன். மீசை அந்த ஏற்பாட்டை அணைத்ததை நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மேலாளரே வந்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்.

கிதார் நின்றது. பழக்கதோஷம், மேலாளரின் கை விளம்பரப் பொத்தானை நோக்கிப் போயிற்று. சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மேலாளர் என்றுகூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

கம்பி மறுபடி பேசியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒரே கூத்து.

"இவ்வளவு நேரம் நாம யாரையும் சும்மா இருக்க விட்டதே இல்லம்மா," என்றார் மேலாளர்.

மார்ச் 17, திங்கள்

இயந்திர அறையில் புது அட்டவணை. சனி மாலை ஒரு மணி நேரம், என் நிகழ்ச்சி. அதன் கீழே மேலாளரின் கோணல் கையெழுத்து: "சத்தம் நின்றால் யாரும் கை வைக்க வேண்டாம். நான் உட்பட."