இங்குட்டுத் தள்ளுடி!

காரைக்குடி விளையாட்டு விடுதி

அன்புள்ள அம்மா,

முகாமில் எல்லோரும் நலமா? உங்களுக்கு இளைப்பு குறைந்ததா? நடந்ததை ஒளிக்காமல் அப்படியே எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

இந்தியச் சிறுமியர் கால்பந்து அணிக்கான தேர்வில் இரண்டு கோல் போட்டேன். “இங்குட்டுத் தள்ளுடி!” என்று நான் கத்தியதைக் கேட்டுத் தேர்வாளர் சிரித்தார். “காரைக்குடிப் பிள்ளையா?”

“இங்கதான் பொறந்தேன் சார். அம்மா அப்பா இலங்கை அகதிங்க. குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கோம்.”

அது கிடைக்காமல் அணியில் சேர்க்க முடியாதாம்.

என் தோழி பாண்டீஸ்வரி விடவில்லை. “எங்களையே காரைக்குடித் தமிழ்ல வையிறா, இவளா சார் வெளிநாடு?”

நான் அழவில்லை. வயது தாண்டும்வரை ஒவ்வொரு தேர்வுக்கும் போவேன். மனுவைப் பற்றி அப்பாவை மறுபடி விசாரிக்கச் சொல்லுங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். நம் பேச்சில் கதைக்க இங்கே யாருமில்லை.

விடிந்ததும் பயிற்சி. விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

தர்சிகா