பயன்பாடு இல்லை என்று நான் எழுதிய மேடு

அனுப்புநர்:
கோ. திரௌபதி, பி.ஏ.,
(க/பெ. கோதண்டபாணி)
பீங்கான் தொழிலாளர் குடியிருப்பு,
விருத்தாசலம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பொது கோல்ஃப் மைதானத் திட்டப் பிரிவு,
விருத்தாசலம்.

பொருள்: மைதானத்துக்காகக் குளம் வெட்டவிருக்கும் பீங்கான் கழிவு மேட்டில் குழந்தைகள் புதைக்கப்பட்டிருப்பது – நில விவரத்தைத் தவறாக எழுதியது நானே என்பது – தோண்டும் வேலையை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: நில விவரப் படிவம் எண் 31, நாள் 09.11.2006.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும், அடுப்புப் பற்றவைக்கும் முன், மேற்கண்ட படிவத்தின் நகலை பீரோவிலிருந்து எடுத்துப் படித்தேன். 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில், 'பீங்கான் கழிவு மேடு. பயன்பாடு இல்லை' என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. திட்டத்துக்கான கணக்கெடுப்பில், படித்த பெண் என்பதால் என்னையும் பத்து நாட்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

2. தங்கள் பிரிவு வெளியிட்ட பதினைந்தாண்டுத் திட்ட அறிக்கையில், 'வலிமைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: 'எவரும் உரிமை கோராத நிலம்.' அது என் படிவத்தை வைத்து எழுதப்பட்ட வரி. முதல் கட்டத்திலேயே அங்கே புல்லுக்கு நீர் பாய்ச்ச மூன்று மீட்டர் ஆழத்தில் குளம் வெட்டப்படும் என்று இருக்கிறது. வரும் திங்கட்கிழமை, 18.06.2007 அன்று, மண் அள்ளும் இயந்திரம் வருகிறது.

3. ஐயா, எங்கள் குடியிருப்பில் கைக்குழந்தை இறந்தால் எரிப்பதில்லை. தகப்பனும் இன்னொருவரும் கொண்டுபோய் அந்த மேட்டோரம் புதைத்துவிட்டு வருவார்கள். காரியம் கிடையாது, கல் கிடையாது. பெற்றவள் அந்தப் பக்கம் போகக் கூடாது. இடம் எது என்று கேட்கவும் கூடாது. தகப்பன் மட்டும், சூளையில் தான் வேலை பார்த்த அடுக்கிலிருந்து, மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் கப்பு ஒன்றைத் தலைகீழாக நட்டு வைப்பார். வெளியாட்களுக்கு அது உடைசலோடு உடைசல்.

4. கணக்கெடுப்புக்காகத்தான் முதன்முதலாக அங்கே போனேன். உடைந்த சில்லுகளுக்கு நடுவே உடையாத கப்புகள் வரிசையாக நின்றன. நாற்பத்திரண்டு வரை எண்ணினேன். அதற்கு அடுத்ததில் இரண்டு நீலக் கோடுகள் இருந்தன. விற்கும் கப்பில் யாரும் நீலக் கோடு போடுவதில்லை. 1986இல் என் கணவர் சூளைக்குப் போய்விட்டு விரலில் நீலச் சாயத்தோடு திரும்பிய ஒரு நாள் உண்டு. எங்கள் பெண் குழந்தை பதினோரு நாள் இருந்தது. பெயர் வைக்கவில்லை.

5. மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று, "என்னம்மா யோசிக்கிறீங்க, ஒடஞ்ச பீங்கான்தானே, எழுதுங்க" என்றார். நான் அங்கே போனதும் பார்த்ததும் என் கணவருக்குத் தெரியக் கூடாது என்பது மட்டுமே அப்போது எனக்குத் தோன்றியது. எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் மேல் குற்றமில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

6. மார்ச் மாதம் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில், ஆட்சேபம் உண்டா என்று தாங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். ஓய்வு பெற்ற சூளைத் தொழிலாளி நல்லமுத்து எழுந்து நின்றார். "ஒண்ணுமில்லீங்க சார், அந்தப் பக்கம் பாம்பு ஜாஸ்திங்க, அதான்" என்று சொல்லி உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒருவர், "பாம்புக்கும் ஒரு மட்டை குடுத்துட்டாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்லமுத்துவும் சிரித்தார். அவருடைய இரண்டு குழந்தைகள் அங்கே இருக்கின்றன. கூட்டக் குறிப்பில் 'ஆட்சேபம் இல்லை' என்று பதிவாகியிருக்கிறது.

7. மைதானம் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வேலையில்லாத எங்கள் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்கும் என்றால் வரட்டும். குளத்தை வேறு பக்கம் மாற்றலாம். வரைபடத்தில் கிழக்கே வெறும் கருவேலங்காடுதான். அதையும் நான்தான் எழுதினேன், அது சரியாகவே இருக்கிறது. மேட்டைச் சுற்றி வேலியிட்டு, தகப்பன்மார்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டு, படிவம் 31ஐத் திருத்தி எழுத உத்தரவிடுமாறும், அதுவரை இயந்திரத்தை அங்கே அனுப்பாதிருக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். கூட்டம் போட்டுக் கேட்டால் மறுபடியும் பாம்பு என்றுதான் சொல்வார்கள்.

8. உத்தரவு வராவிட்டால், திங்கட்கிழமை விடிந்ததும் நான் அந்த மேட்டுக்குப் போய், நீலக் கோடு போட்ட கப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யார் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன். என் கணவரிடம்கூட இதை நான் இன்னும் சொல்லவில்லை. தங்களுக்குத்தான் முதலில் தெரிவிக்கிறேன்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 12.06.2007

இப்படிக்கு,
படிவம் 31ஐ எழுதிய
கோ. திரௌபதி