இலவச ஆர்ச்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பிரதீப்பின் யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் காய வைத்தேன். காலர் இன்னும் ஈரம். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டு போனான்.

வாங்க: துவரம்பருப்பு, துணி சோப்பு, பிரதீப்புக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் (மறுபடியும்! தின்கிறானா என்ன).

எங்கள் புத்த விகாருக்குப் பின்பக்கச் சந்தில் மூடிக் கிடந்த ஷட்டர் இன்று திறந்துவிட்டது. மாவு மில் வருகிறது என்று பக்கத்து வீட்டு ஜெயா அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். வந்தது வைன் ஷாப். சீரியல் லைட், வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காய். புத்தர் உட்கார்ந்திருக்கிற கூடத்தின் சுவருக்கு நேர் எதிரே. எட்டிப் போட்டால் நாலு அடி. அந்தக் கூடத்தில்தான் தினமும் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூஷன். பிரதீப் பத்தாவது. எங்கள் நம்பிக்கை முழுக்க இந்த வருடத்தின் மேல். தொம்மலூரில் இடமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

இவரிடம் சொன்னேன். விகாருக்கு இவர்தான் செயலாளர். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, கோயிலுக்கும் ஸ்கூலுக்கும் நூறு மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, இரண்டு நாளில் மூடிவிடுவார்கள், நீ ஏன் பதறுகிறாய் என்றார்.

மஞ்சண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். ஏரியாவில் பாதிக் கட்டடம் அவருடையது, நம் மேல் பிரியமும் உண்டு. கோடையில் விகாருக்கு மெயின் ரோடு பக்கம் ஆர்ச் வைத்துப் புது கேட் கட்டிக் கொடுத்தவர். பின்பக்கச் சாக்கடைச் சந்தில் இருந்த பழைய கேட்டைக்கூட அவர் ஆளே செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனான். கறுப்புக் கல்லில் இவர் பெயரும் இருக்கிறது: செயலாளர் அன்பழகன். திறப்பன்று அந்தக் கல்லைத் துண்டால் நாலு தடவை துடைத்தார் மனிதர்.

ஜூலை 4, வெள்ளி

மேகமூட்டம். நான் பில் போடுகிற ஆபீஸ் கேன்டீனில் கூட்டம். கழுத்தில் கார்டு இல்லாத ஒருவருக்கு டீ பில் போட்டுவிட்டேன் என்று மேனேஜர் என்னை எல்லார் எதிரிலும் கேட்டார். எங்கள் ஆபீசில் கார்டைத் தேய்க்காமல் ஒரு டீ வாங்க முடியாது. சரி, ரூல் என்றால் ரூல்.

வீட்டுக்கு வரும்போது சந்து வழியாக வந்தேன். வைன் ஷாப் ஜன்னலில் இரண்டு பையன்கள். டை, ஷூ, முதுகில் புத்தகப் பை. மீசைகூட இல்லை. டெட்ரா பாக்கெட்டில் அடைத்த சாராயத்தை ஜூஸ் வாங்குகிற மாதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சந்து முனையில் காணோம்.

இருபத்தொரு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கப்படாது என்று கன்னடத்தில் போர்டு இருக்கிறது. திறப்புவிழா மாலையை அதன் மேலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். போர்டு மாட்டியாயிற்று, சட்டத்துக்கு அது போதும் போல.

மஞ்சண்ணா போன் எடுக்கவில்லை.

ஜூலை 5, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

பிரதீப் டியூஷன் முடிந்து வந்தான். நேரே பாத்ரூம். வாந்தி. மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் கெட்டிருக்குமோ என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன். கிட்டே போனால் மாம்பழ ஜூஸ் வாசனை, அதற்கு அடியில் அந்த வாசனை. கேன்டீனுக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வருவானே, அந்தக் குழந்தையா இது என்று நின்றேன்.

"ஜூஸ்தாம்மா குடிச்சேன்."

பையின் பக்கவாட்டு ஜிப்பில் நசுக்கி மடித்த பாக்கெட். அடித்தேன். அடித்துவிட்டு நானே மூஞ்சி துடைத்துவிட்டேன். குளிர்ந்திருந்தது அவன் நெற்றி. பயந்துபோய் ஜெயா அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இவர் வந்தார். கேட்டார். பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். பீடிகூடப் பிடிக்காத மனிதர். கல்யாண வீட்டில்கூட கிளாஸைத் தள்ளி வைக்கிறவர். நண்பர்கள் கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார்.

ஜூலை 6, ஞாயிறு

பிரதீப் எழுந்தான். தலைவலி. ரசம் சாதம் கொடுத்தேன். கண்ணைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போனேன். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நசுங்கின பாக்கெட்டை ஜன்னல் கட்டையில் வைத்து, பள்ளிக்கூட டை கட்டின பையனுக்கு இதை எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டேன். வயது கேட்டாயா, கார்டு கேட்டாயா? அவன் அசரவில்லை.

"அப்பாக்குன்னு சொன்னான் அக்கா. குடுத்தேன். எல்லாரும் அப்பாக்குதான் வாங்கறாங்க."

எனக்குப் பின்னால் நின்ற ஆள் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

இதை இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அப்பாவுக்கு! இவர் முகம் செத்துப்போயிற்று. "எம் பேரச் சொல்லியா வாங்கினான்" என்று மட்டும் கேட்டார். பிள்ளையை அழைத்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாளைக்குப் புகார். தமிழில் நான் எழுதி, கன்னடத்தில் டியூஷன் டீச்சர் மாற்றித் தருகிறாள்.

ஜூலை 7, திங்கள்

கலால் ஆபீசில் புகார் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொண்டவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாளை அளக்க ஆள் வருமாம். அட, இத்தனை சீக்கிரமா என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

ஜூலை 8, செவ்வாய்

அரைநாள் லீவு. வெயில். நான், ஜெயா அக்கா, தெருப் பெண்கள் எல்லாரும் சந்தில். இவரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

அதிகாரி, கூட டேப் பிடிக்க ஒருவர். கடை வாசலில் ஆரம்பித்தார்கள். நேர் எதிரே சுவர், நாலு எட்டு. நான் கையால் சுவரைத் தட்டிக்காட்டினேன். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் சந்தின் நீளத்துக்கு நடந்தார்கள். மூலை. இன்னொரு சந்து. மறுபடி மூலை. மெயின் ரோடு. பழக்கடை, ஏ.டி.எம்., எல்லாம் தாண்டி ஆர்ச்சுக்கு அடியில் போய் டேப்பை வைத்தார்கள். நூறைத் தாண்டிவிட்டது, சட்டப்படி சரி என்று எழுதிக்கொண்டார்.

எதிரில் இருக்கிற கட்டடத்துக்கு ஊரைச் சுற்றி எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் நடந்துபோகிற வழியில், வாசலுக்கு வாசல்தான் அளக்க வேண்டுமாம். அப்புறம் கன்னடத்தில் பொறுமையாக ஒன்று கேட்டார். சுவருக்குள் நுழைந்து நடக்க முடியுமா அம்மா?

அப்போதுதான் பார்த்தேன். கடைக்குள்ளிருந்து மஞ்சண்ணா வெளியே வருகிறார். ஷட்டர் அவருடையது. கடை அவர் மச்சானுடையது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ஹேகித்தீரா தங்கச்சி" என்று நலம் வேறு விசாரித்தார்.

பழைய கேட் இருந்திருந்தால் இந்தக் கடைக்கு லைசென்சே கிடையாது. அதை அடைப்பதற்குத்தான் ஆர்ச். நமக்கு மரியாதை செய்கிறார் என்று நாம் மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், பெண்கள் சேர்ந்து கேசரி கிண்டினோம். இவர் துண்டால் துடைத்தார்.

இவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

தூறல். ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன்.

சாயங்காலம் விகார் கமிட்டிக் கூட்டம். அடைத்த சுவரை உடைத்துப் பழைய வழியைத் திறங்கள், மறுபடி அளக்கச் சொல்லலாம் என்றேன். தலைவர் சம்பத் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாக்கடையத் தாண்டித்தாம்மா இத்தினி வருசம் உள்ள வந்தோம். கல்யாணப் பொண்ணு பட்டுப்பொடவையத் தூக்கிப் புடிச்சிக்கினு வருவா. இது இன்னா குடோனான்னு கேட்டவன்லாம் இப்ப நின்னு கும்புட்டுப் போறான். திரும்பியும் அந்தச் சந்துல போயி நிக்கச் சொல்றியா?"

அந்தக் கல்யாணப் பெண்களில் நானும் ஒருத்தி. சேற்றில் செருப்புப் போனது இன்னும் நினைவிருக்கிறது. மாமாவின் ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த ஆசையைத்தானே அந்த ஆள் விலைக்கு வாங்கினான்! மாமா அதோடு நிற்கவில்லை. உள்ளே டைல்ஸ் போட்டுத் தருவதாக மஞ்சண்ணா சொல்லியிருக்கிறார், இப்போது போய் முறைத்துக்கொள்ளலாமா என்றார்.

டைல்ஸ்! பிள்ளைகள் வாந்தி எடுத்தால் துடைக்கச் சுலபமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்னது அதிகம்தான். திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

இவர் தலை நிமிராமல் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து தட்டை வைத்தேன், சாப்பிட்டார். ஒரு கல்லில் பெயர் வந்ததற்காகப் பிள்ளையைக் கொடுப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். சாப்பிடுகிறவரிடம் கேட்க மனம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

நிலா எங்கே, மேகம்தான். மல்லேஸ்வரத்திலிருந்து நாத்தனார் மல்லிகை வாங்கி வந்தாள். அங்கே பூ நன்றாக இருக்கிறது.

விகாரில் எல்லாரும். பஞ்சசீலம் இவர் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கொல்லாமை, திருடாமை, ஒவ்வொன்றாக வந்து ஐந்தாவது. மதியை மயக்கும் குடியை விலக்குகிறேன். சரியாக அப்போது சுவருக்கு வெளியே ஒருத்தன் குரல், "அண்ணா, ரெண்டு பாக்கெட், சில்றை குடு". கூடம் முழுக்கக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் இரண்டு சிரித்துவிட்டன. பிரதீப் சிரிக்கவில்லை. தலை குனிந்திருந்தான், உதடு அசையவில்லை. இவர் அவனைப் பார்த்தார். ஐந்தாவதை மறுபடி ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை ஜெயா அக்கா சொல்லி முடித்தாள்.

எல்லாரும் போனபிறகு அடைத்த இடத்தில் போய் நின்றார். உள்ளங்கையால் இங்கே அங்கே தட்டிப் பார்த்தார்.

"ஒத்தக் கல்லு சுவருதான்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

கேன்டீன். ஒன்றும் விசேஷமில்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் கடப்பாரை ஒன்று சாய்த்து வைத்திருக்கிறது.

ஜூலை 12, சனி

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்துவிட்டது.

காலையில் இவர் முன்னே, பிரதீப் பின்னே. எழுப்பும்போது "வாடா" என்று ஒரு சொல்தான். வைன் ஷாப் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. முதல் அடியில் பூச்சு, அடுத்து கல். பிரதீப் செங்கல்லைப் பொறுக்கி அடுக்கினான், கை சிராய்த்துக்கொண்டு. நானும் ஜெயா அக்காவும் சாக்கடை மேல் கடப்பைக் கல்லை இழுத்துப் போட்டோம். இனி பட்டுப்புடவை நனையாது.

சம்பத் மாமா வந்தார். பார்த்தார். திட்டப்போகிறார் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். பழைய கேட் அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் இருக்கிறதாம், அவரைக்கொடி படர விட்டிருக்கிறாராம். "எடுத்துக்கினு வாங்க. கொடிய மட்டும் அறுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட் வந்தது. ஒரு முழம் கொடியும் கூடவே வந்தது, அது எங்கள் தப்பில்லை.

சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் அந்த வழியாகவே உள்ளே போனார்கள். எதிரே ஜன்னல்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். திங்கட்கிழமை மறுபடி அளக்கக் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றார்கள். மழுப்பினால் அந்த ஆபீஸ் வாசலில் போய் உட்காருவேன், லீவு போட்டுவிட்டு.

மஞ்சண்ணா இவருக்கு இரண்டு முறை போன் செய்தார். இவர் எடுக்கவில்லை. எழுந்து மெயின் ரோட்டுப் பக்கம் போனார். நானும் போனேன். ஆர்ச் கேட்டை இழுத்துச் சாத்தினார், சங்கிலி சுற்றினார், பெரிய பூட்டு. இனி டேப் பிடிக்க விகாருக்கு ஒரே வாசல்தான். தன் பெயர் இருக்கிற கல்லைப் பார்க்கக்கூட இல்லை. சாவியை என் கையில் கொடுத்தார்.

அரிசி டின்னுக்குள் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் தொலைந்துபோய்விட்டது.