கயிற்றுக்கு வெளியே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். சொன்ன பொய்களே போதும். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ போனை எடுக்காததால் கடிதம். திட்டுவதாக இருந்தாலும் நாலு வரி திட்டி எழுது.

கடை வழக்கம்போல் நடக்கிறது. இரண்டாவது நாற்காலி மறுபடியும் மக்கர் செய்கிறது. முடிவெட்ட உட்கார்ந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியோடு கீழே இறங்கிவிடுகிறார். வெட்கப்பட்டுக் கிடக்கிற காலத்தில் இந்தத் தொழிலைப்போலக் கொடுமை வேறில்லை. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் தலைக்கு மேலே என் மூஞ்சி தெரிந்துகொண்டே இருக்கிறது.

அன்றைக்குப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், மழையில் அந்தக் காட்டு மேடு முழுக்கச் சேறு. உன் சைக்கிளின் முன்சக்கரம் வேர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பின்னால் வருகிறவளின் சத்தம் கேட்டது. மலைச் சைக்கிள் பந்தயத்தில், தண்ணீர் பாட்டில் கொடுக்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் வெளியாள் உதவக்கூடாது என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! தெரிந்தேதான் பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். சீட்டில் கை வைத்து ஒரே தள்ளு. பெற்ற மனம் பித்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளை மனம் கல்லு என்று சேர்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதைக்கூட விடு. நாட்டுக்கே சாம்பியன் என்று உன்னை மேடையில் ஏற்றிய பிறகு, திரும்பி வரும்போது காரில் பேசினேனே, அதுதான் என்னை அரிக்கிறது. "யாரும் பாக்கல, வாய மூடிக்கிட்டு வா" என்றேன். "நான் பாத்தேம்பா" என்று சொல்லிவிட்டு நீ பஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாய். நீயே பந்தயக் கமிட்டியிடம் போய்ச் சொல்லிப் பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக உன் கோச், அம்மாவிடம் சொன்னார்.

கடையில் நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாழ்த்தினார்கள், வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் கேக் அனுப்பினார், அதையும் தின்றேன். சங்கிலி அறுந்தும் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி ஜெயித்தாளே உன் அபிமான வீராங்கனை, கண்ணாடியில் அவள் படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை ஒட்டி, கீழே 'சாம்பியன்' என்று எழுதினேன். எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து என்று அம்மா கேட்டாள். மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

போன சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு லாரி டிரைவர் வந்தார். ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். நுரை போட்டு, ஒரு கன்னம் வழித்து முடித்திருந்தேன். உன் படத்தைக் காட்டி, "உங்க பொண்ணுதானே?" என்றார். வெட்கமே இல்லாமல் தலையாட்டினேன். அப்படியே நுரையோடு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதாக வந்த பெண்ணின் அப்பாவாம். "கமிட்டில சொன்னதோட விடாம, வீட்டுக்கே வந்து எங்க பொண்ணு கழுத்துல பதக்கத்தப் போட்டுட்டுப் போச்சுங்க. எவனோ தள்ளிவிட்டதுக்கு அது என்ன பண்ணும்? உங்களப் பாத்துச் சொல்லணும்னுதான் தேடி வந்தேன். நல்லா வளத்திருக்கீங்க" என்றார்.

அடுத்த நாற்காலியில் கடைப் பையனின் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. பேக்கரிக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். தள்ளியது யார் என்று நீ அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. அங்கேயும் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். கூனிக் குறுகிப்போனேன், கண்ணு.

"அந்த எவனோ நான்தாங்க" என்றேன். முதல் தடவை அவருக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும். எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.

அவர் பிடித்திருந்த என் கையை விட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாதி மூஞ்சியோட எப்படிங்க வெளிய போறது" என்று சொல்லிவிட்டு, திரும்ப உட்கார்ந்து கத்திக்குக் கழுத்தை நீட்டினார். மறு கன்னத்தையும் கீறாமல் வழித்து முடித்துவிட்டேன்.

உன் படம் அங்கேயேதான் இருக்கிறது. கீழே எழுதியிருந்ததை மட்டும் துடைத்துவிட்டேன். பேக்கரிக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது நியாயந்தான்.

அடுத்த பந்தயத்துக்கு வராதே என்று நீ சொன்னால் வரமாட்டேன். வரலாம் என்றால், பாட்டிலை அம்மாவே கொடுக்கட்டும். நான் கயிற்றுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ என் கண்ணெதிரே சேற்றில் விழுந்து கிடந்தாலும் ஓரடி எடுத்து வைக்கமாட்டேன். நீயே எழுந்திருக்கும் வரைக்கும் அப்படியே நிற்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நன்றாக இரும்மா. மழையில் பார்த்து ஓட்டு. வரலாமா என்று மட்டும் சொல்.

உன்
அப்பா