அன்று நீ விழுங்கியது எந்த மாத்திரை

இன்று காலை பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்காகக் கடைக்காரர் ப்ரொப்ரனலால் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினார். அந்தப் பெயரைப் பார்த்ததும் வாங்க வந்ததை மறந்துவிட்டேன். நண்பா, நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருடங்களில், நான் புதுச்சேரி கோரிமேட்டு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். நோயில்லாதவர்களிடம் அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. பயப்படும்போதும் ஓடும்போதும் இதயம் எகிறுகிறதே, அதை அடக்கிவைக்கும் மருந்து அது. ஆள் கிடைக்காமல் நான் திண்டாடியதைக் கேட்டு, கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து நின்றாய். "என்ன வச்சிப் பாரு. எனக்கும் அது இன்னா பண்ணுதுன்னு தெரியணும்" என்றாய்.

உனக்கு ஏன் தெரிய வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. இயற்பியலில் முதுகலை முடித்திருந்தாய். மில்லில் வேலை போன உன் அப்பா, நீ வாத்தியாராகிவிடுவாய் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நீயோ இரண்டு பள்ளிகளின் நேர்காணலில் மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னதும் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்திருந்தாய். நான்கு பேர் பார்த்தால் போதும், கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தொண்டை அடைத்துவிடும்.

சோதனை இரண்டு நாள், நடுவில் ஒரு வாரம். ஒரு நாள் மருந்து, ஒரு நாள் வெறும் மாவு மாத்திரை. எந்த நாள் எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரை போட்ட பிறகு நகராத உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்க வேண்டும். பிறகு ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் தொள்ளாயிரத்து எண்பத்தாறிலேயே நின்றுவிட்டாய். தலையைக் குனிந்துகொண்டு, போய்விடலாமா என்று மெல்லக் கேட்டாய். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த வாரம் நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன். ஆனால் வந்தாய், கழித்துக்கொண்டே போனாய். தப்பு வந்த இடத்தில் சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டாய். முடிந்ததும் கேன்டீனில் இட்லி சாப்பிடும்போது உன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"இன்னைக்குக் குடுத்ததுதான்டா மருந்து. சந்தேகமே இல்ல."

நாடியைப் பார்த்தவன் நான். எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

முத்தியால்பேட்டைப் பள்ளியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும், ஒரே ஒரு மாத்திரை கேட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாய். நான் உன்னை எங்கள் பேராசிரியையிடம் கூட்டிப்போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதற்றத்துக்கு மருத்துவரிடம் முறையாகக் காட்டலாம், அதில் வெட்கமில்லை, ஆனால் ஆய்வுக்கு வைத்திருக்கும் மாத்திரையைத் தர முடியாது என்றார். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். அந்த நடையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நல்லவேளையாக ஆய்வு அந்த வாரமே முடிந்தது. யாருக்கு எந்த நாள் என்ன கொடுத்தோம் என்பதைத் திறந்து பார்த்தார்கள். பேராசிரியையின் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் நீ போட்டதுதான் மருந்து, இரண்டாம் நாள் மாவு மாத்திரை என்று சொன்னேன். நீ நம்பவில்லை. இரண்டாம் நாள் உன் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, நீதான் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றேன்.

"அப்போ அது நான்தானா?" என்று கேட்டாய்.

நேர்காணலில் கை நடுங்கியதாம். கரும்பலகையில் கோடு கோணலாகப் போனதாம். அப்படியே பாடத்தை முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாய். வேலை கிடைத்தது. கடைசிவரை அந்தப் பள்ளியில்தான் இருந்தாய்.

போன வருடம், நோய் கைமீறிவிட்டது என்று உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, அதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று உன் மனைவி கேட்டுக்கொண்டார். மருத்துவமனைக் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன், உன் பையனின் படிப்பைப் பற்றிப் பேசினேன். நீ என் விரல்களைப் பிடித்துக்கொண்டாய்.

"கை நடுங்குதுடா உனக்கு. நடுங்கட்டும், பரவால்ல. நீ சொல்லு."

சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். உன் மனைவி வரும்வரை என் கையை நீ விடவில்லை.

டாக்டர் வேலையில் இப்போதும் யாருக்காவது இப்படி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டி வரும். வார்டு கதவைத் திறக்கும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். அது அடங்கட்டும் என்று நான் வெளியே நிற்பதில்லை. உள்ளே போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பேச ஆரம்பித்துவிடுகிறேன்.