மூன்றாம் பாத்தியின் உப்பு

ஜூன் 24
கடல்நீரைக் குடிநீராக்கியபின் எங்கள் நிலையம் கடலிலேயே கொட்டிவந்த கழிவுநீர், நான் போட்ட பாத்திகளில் உப்பாகிவிட்டது! உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்புநீரைக் காயவிடாமல் வடித்தது நல்லதாயிற்று. நாக்கில் துளிக் கசப்பில்லை. கோடை முடிந்ததும் பாத்திகள் வேண்டுமா, மூடுவதா என்று தலைநகர் தூனிஸிலிருந்து மேலாளர் சொல்வார். வேண்டும் என்பார். என்பாரா?

மூன்றாம் பாத்தி உப்பில் ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமியார் மஸ்ஊதா தொடக்கூட இல்லை. "சாக்கடைத் தண்ணியில விளைஞ்சத சமையக்கட்டுல வைக்கணுமாக்கும்?"

ஜூன் 29
மாமியாரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். குர்பானி இறைச்சியை வாராக அறுத்து, பூண்டும் மிளகாயும் என் உப்பும் தேய்த்து, கதீத் என்னும் உப்புக்கண்டத்துக்காக மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டார். "பரவால்லடி ரவ்தா, உன் சாக்கடை உப்பு நல்லாத்தான் பிடிக்குது."

ஜூலை 1
நிலையத்தில் கடல்நீரை வடிகட்டும் சவ்வுகளை மருந்து விட்டுக் கழுவும் ஹேதி வந்து நின்றான். முகமே சரியில்லை.

"அக்கா, போன மாசம் கழுவினப்ப வால்வைத் திருப்ப மறந்துட்டேன். மருந்துத்தண்ணி மூணாம் பாத்திக்குப் போயிருக்கும்."

"இத இப்பவாடா சொல்றே?"

"வேலை போயிடும்னு பயம்க்கா. வீட்டுக்குக் கொண்டுபோனீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

உப்பில் ஒரு பிடியை ஸ்ஃபாக்ஸ் நகர ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு எப்போது வருமோ.

ஜூலை 2
மாமியாரிடம் சொல்லவில்லை.

ஜூலை 4
வெள்ளிக்கிழமை கதீத்தை எண்ணெயில் பொரித்து, ஜாடிகளில் போட்டு மகள்கள் வீட்டுக்கெல்லாம் அனுப்பப்போகிறாராம். நாத்தனார் எம்னா கைக்குழந்தைக்காரி.

மருந்து கொஞ்சம்தானே கலந்திருக்கும்? கொஞ்சம் என்றால் எவ்வளவு? சொன்னால் ஊருக்கே தெரியும், பாத்திகளை மூடிவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் — ஐயோ, நான் என்ன பண்ணுவேன்! மாடிக்கு ஏறிய பூனையை விரட்டினேன். இறைச்சியைக் காப்பாற்றவா, பூனையையா?

ஜூலை 6
சொல்லிவிட்டேன்.

மாமியார் மாடிக்கேறிக் கொடியிலிருந்த இறைச்சியை உருவிப் போட்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உன்ன நம்பித்தானடி போட்டேன், பாவி!" குர்பானி இறைச்சியைக் குப்பையில் போட மனம் வரவில்லை அவருக்கு. ஒலிவ மரத்தடியில் இருவரும் குழி தோண்டிப் புதைத்தோம். நான் அழுதேன். அவர் அழவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ஜூலை 10
முடிவு வந்தது. மருந்து கலந்திருக்கிறது, சாப்பிடக் கூடாது.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திகளைக் கழுவி இன்னொரு முறை விளைவிக்கச் சொன்னார். "அப்பவும் ஊர்ல ஒருத்தரும் வாங்கலேன்னா மூடிடலாம்." ஹேதியின் வேலை போகவில்லை. எனக்குத்தான் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "ரவ்தா, இன்னிக்கு என்ன விஷம் விளைஞ்சுது?" என்று சீண்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 20
புது உப்பு. பரிசோதனையில் சுத்தம் என்று வந்துவிட்டது. நிலைய வாசலில் விற்கக் குவித்து வைத்தோம். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27
மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு நிலையத்துக்கே வந்துவிட்டார். ஹரிஸா விழுது அரைக்க மிளகாய் வாங்கியாயிற்றாம், உப்பு வேண்டுமாம். பரிசோதனைக் காகிதத்தை நீட்டினேன்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? உன் வாயால சொல்லு. நல்லதா?"

"நல்லது, மாமி."

"அப்ப அள்ளு." அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினார். "என்னடி முழிக்கிறீங்க? உப்புல கோளாறுன்னா இவளே வந்து சொல்லிருவா. கடைக்காரன் சொல்லுவானா?"

அவர்களும் பையை விரித்தார்கள். அள்ளிய அவசரத்தில் பாதியைக் கீழே கொட்டிவிட்டேன்.